ஊருக்குப் புதிய அரசுத் தொடக்கப்பள்ளி: மனுவிலிருந்து அரசாணை வரை

திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுத்து, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. மனுவால் மட்டும் பள்ளி வராது. அது வருவது கருத்துருவால். மனு நீங்கள் எழுதுவது. கருத்துரு என்பது வட்டாரக் கல்வி அலுவலர் எழுதும் கோப்பு. அது மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி), முதன்மைக் கல்வி அலுவலர் வழியாகச் சென்னையில் உள்ள தொடக்கக் கல்வி இயக்ககத்துக்குப் போகும். தொலைவு, பிள்ளைகள், இடம் ஆகிய மூன்றில் ஒன்றுக்கு ஆதாரம் இல்லாவிட்டாலும் ‘கூடுதல் விவரம் கோரி’ கோப்பு கீழே இறங்கிவிடும். அந்த மூன்றையும் நீங்களே தயாரித்துக் கொடுப்பதுதான் வேலையில் பாதி.

கிராமப்புறத்தில் புதிதாக வருவது பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் வேறு துறையின் கீழ் வருபவை. அவற்றைக் கேட்டு வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கொடுத்தால் மனு சுற்றிக்கொண்டே இருக்கும். எந்த வகைப் பள்ளி வேண்டும் என்பதை மனுவின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

தொலைவு

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் அருகமைப் பள்ளியைப் பிள்ளையின் உரிமையாக்கியது. 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு நடக்கும் தொலைவில் 1 கி.மீ., 6 முதல் 8 வரை 3 கி.மீ. என்பது அளவுகோல். இதில் ‘நடக்கும்’ என்ற சொல்தான் முக்கியம். செல்பேசி வரைபடத்தில் இரண்டு புள்ளிகளுக்கு நேர்கோடு போட்டால் 900 மீட்டர் காட்டும்; வாய்க்காலைச் சுற்றிப் போகும் பிள்ளைக்கு அது 1.8 கி.மீ. ஆகலாம். பைக் மீட்டரை நம்பாதீர்கள். குடியிருப்பின் நடுப்பகுதியிலிருந்து பள்ளி வாசல் வரை செல்பேசியின் ஜிபிஎஸ் பதிவை இயக்கிக்கொண்டு நடந்தே போங்கள். போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை. இரண்டு அளவும் ஏறக்குறைய ஒத்திருந்தால் அதை எழுதுங்கள்.

வழியில் ரயில் பாதை, நான்குவழிச் சாலை, மழைக்காலத்தில் நிரம்பும் ஓடை, யானை நடமாடும் காட்டுப் பாதை எதுவானாலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளம், நிலச்சரிவு, அணுகுவதில் ஆபத்து உள்ள இடங்களில் இந்தத் தொலைவு வரம்பையே குறைத்துப் பள்ளி அமைக்க வேண்டும் என்கின்றன சட்டத்தின் மாதிரி விதிகள். ஓடையைக் கோடையில் படமெடுத்து இணைத்தால், பார்க்கும் அதிகாரிக்கு அது வெறும் மணல் பாதை. ஐப்பசி மழையில் எடுத்த படம்தான் பேசும்.

பிள்ளைகள் பட்டியல்

‘சுமார் 50 குழந்தைகள்’ என்று எழுதும் மனு அந்த ‘சுமார்’ என்ற சொல்லிலேயே விழுந்துவிடும். வீடு வீடாகப் போய்ப் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், கதவு எண், இப்போது படிக்கும் பள்ளி, வகுப்பு ஆகியவற்றை எழுதுங்கள். பள்ளியில் சேர்ந்திருக்கும் பிள்ளைக்கு எமிஸ் (பள்ளிக் கல்வித்துறையின் இணையப் பதிவு) எண் இருக்கும். அதையும் சேர்த்தால் அலுவலகத்தில் சரிபார்க்க நேரம் ஆகாது. 5 முதல் 10 வயது வரை ஒரு பட்டியல். 3 முதல் 5 வயது வரை, அங்கன்வாடிப் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்து, தனியாக ஒன்று. இரண்டாவது பட்டியலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்த ஆண்டு 30 பேர் இருக்கிறார்கள், அடுத்த மூன்று ஆண்டுகளில் 12 ஆகிவிடுமா என்பதுதான் மேலே கேட்கப்படும் கேள்வி. அதற்குப் பதில் அங்கன்வாடியில் இருக்கிறது.

தனியார் பள்ளி வேனில் போகும் பிள்ளைகளையும் மறைக்காமல் எழுதுங்கள், ஆனால் தனிக் கட்டத்தில். அவர்களில் யார் மாறுவார்கள் என்பதற்குப் பெற்றோரின் கையெழுத்து வாங்கி வையுங்கள். எண்ணிக்கையை ஊதிக் காட்டினால், ஆசிரியர் பயிற்றுநர் நேரில் வந்து எண்ணும்போது உண்மையான பெயர்கள்மீதும் சந்தேகம் விழும்.

கிராம சபைத் தீர்மானம்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடும். ‘பள்ளி வேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரித் தீர்மானத்தால் பயன் இல்லை. இப்படி எழுதச் சொல்லுங்கள் (எண்கள் மாதிரிக்கு):

‘இக்குக்கிராமத்தில் 5 முதல் 10 வயதுக்குள் 34 குழந்தைகள் உள்ளனர். அருகிலுள்ள தொடக்கப்பள்ளி, ஓடைக்கு அப்பால், நடக்கும் பாதையில் 2.3 கி.மீ. தொலைவில் உள்ளது. புல எண் 112/3-இல் உள்ள அரசுத் தரிசு நிலத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி தொடங்கவும், கட்டடம் முடியும்வரை சமுதாயக் கூடத்தில் வகுப்புகள் நடத்தவும் இச்சபை கோருகிறது.’

கடைசிப் பகுதி சிறியது போலத் தெரியும். தற்காலிக இடம் உறுதியாக இருந்தால், கட்டட நிதி வரும்வரை பள்ளியைத் தள்ளிப்போட ஒரு காரணம் குறையும்.

இடம்

அதிகம் சிக்கிக்கொள்வது இங்கேதான். ஊரார் ‘இடம் இருக்குது சார்’ என்று காட்டுவது பல நேரங்களில் குளத்தின் ஓரம். நீர்நிலைப் புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால், தண்ணீரைப் பார்த்து முப்பது வருடம் ஆனாலும் அதைக் கேட்காதீர்கள். மேய்க்கால் புறம்போக்கும் சிக்கல்தான். வருவாய்த்துறையின் இணையச் சேவையில் ‘அ’ பதிவேட்டையும் (ஊரின் நிலங்களைப் புல எண் வாரியாகக் காட்டும் பதிவேடு) புல வரைபடத்தையும் எடுத்து, நிலம் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் ஆக்கிரமிப்பு உண்டா என்று கேளுங்கள். அதன்பின் வட்டாட்சியருக்கு நில மாற்றம் கோரி எழுதலாம்.

யாராவது நிலம் தானமாகத் தருவதாகச் சொன்னால் வில்லங்கச் சான்றிதழ் எடுங்கள். கூட்டுப் பட்டா என்றால் உட்பிரிவு செய்து தனிப் பட்டா ஆனபிறகே பத்திரம். பத்திரத்தை யார் பெயருக்குப் பதிய வேண்டும் என்பதை வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தவறான பெயரில் பதிந்துவிட்டு மறுபத்திரம் போடுவது இரட்டைச் செலவு. ‘பள்ளி மூடினால் நிலம் எங்கள் குடும்பத்துக்கே திரும்ப வேண்டும்’ போன்ற நிபந்தனை இருந்தால் அதைப் பேசி எடுத்துவிடுவது நல்லது.

வன நிலத்தை ஒட்டிய மலைக் கிராமங்களுக்கு ஒரு வழி உண்டு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2), கிராம சபை பரிந்துரைத்தால் 1 ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைப் பள்ளிக்கு ஒதுக்க இடமளிக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. இந்தப் பிரிவு எண்ணைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள்.

எத்தனை சென்ட் வேண்டும் என்ற எண் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் இல்லை. அது கேட்பவை: ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, தலைமையாசிரியர் அறையாகவும் இருப்பு அறையாகவும் ஒன்று, ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சமையலறை, விளையாட்டிடம், சுற்றுச்சுவர் அல்லது வேலி. 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள். இவற்றைப் புல வரைபட நகலின்மேல் அளவோடு வரைந்து பாருங்கள். இடம் போதுமா என்பது தெரிந்துவிடும்.

கோப்பு நகரும்போது

எதிர்ப்பு எதிர்பாராத பக்கத்திலிருந்து வரும். உங்கள் பிள்ளைகள் இப்போது போகும் பள்ளியில் எண்ணிக்கை குறைந்தால் அங்கே ஒரு ஆசிரியர் உபரியாகிப் பணிநிரவலுக்கு, அதாவது வேறு பள்ளிக்கு மாற்றலாகி, போக நேரலாம். அதனால் அந்தத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசி, முடிந்தால் அப்பள்ளி மேலாண்மைக் குழுவின் ஆதரவுத் தீர்மானத்தையும் வாங்குங்கள்.

இன்னொரு முட்டுக்கட்டை, ‘போக்குவரத்து வசதி செய்து தருகிறோம்’ என்ற பதில். தொலைதூரக் குடியிருப்புகளுக்கு வாகனமும் வழிக்காவலரும் தரும் திட்டம் உண்மையிலேயே இருக்கிறது. பத்துப் பிள்ளைகள் மட்டும் உள்ள ஊருக்கு அதுவே நியாயமான தீர்வு; பள்ளி கேட்டுப் பிடிவாதம் பிடிப்பதில் பொருள் இல்லை. முப்பது பேர் இருந்தால், வாகனத்தை இடைக்கால ஏற்பாடாக மட்டுமே ஏற்கிறோம் என்று எழுத்தில் பதில் கொடுங்கள். அந்தப் பதில் கோப்பில் இல்லாவிட்டால் ‘கோரிக்கை தீர்க்கப்பட்டது’ என்று முடித்துவிடுவார்கள்.

கருத்துரு போனதும் ந.க. எண்ணையும் (அலுவலகம் கோப்புக்குத் தரும் எண்) தேதியையும் கேட்டு வாங்குங்கள். சொல்ல மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்: கருத்துரு அனுப்பிய நாள், திருப்பப்பட்டிருந்தால் அந்தக் குறிப்பின் நகல். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் தாமதம்’ என்று கேட்காதீர்கள், நகல் கேளுங்கள்.

இயக்ககம் பரிந்துரைத்து, பணியிடங்களுக்கு நிதித்துறை இசைந்தபின் அரசாணை வரும். சட்டப்பேரவையில் மானியக் கோரிக்கையின்போது வரும் அறிவிப்பு அரசாணை ஆகாது. அரசாணையில் பள்ளியின் பெயரோடு எத்தனை ஆசிரியர் பணியிடம் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

பள்ளி திறந்த பிறகும் இரண்டு வேலை பாக்கி இருக்கும். சத்துணவு மையத்துக்குத் தனி அனுமதி வேண்டும். பள்ளி அரசாணையோடு அது தானாக வந்துவிடாது. அடுத்தது, ஒவ்வொரு பள்ளிக்கும் தரப்படும் 11 இலக்க யுடைஸ் அடையாள எண் வாங்கி, பிள்ளைகளின் பெயர்களைப் பழைய பள்ளியின் எமிஸிலிருந்து புதிய பள்ளிக்கு மாற்றுவது. ஆகஸ்ட் 1 நிலவரப்படியான எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கப்படும் என்பதால், ஜூலை முடிவதற்குள் ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்துவிடுங்கள்.