அசைன்மென்ட்டில் கருத்துத் திருட்டு நுழையாமல் எழுதுவது எப்படி?

கருத்துத் திருட்டு பல நேரம் குறிப்பெடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. இணையத்திலிருந்து வெட்டி ஒட்டிய வரியும் சொந்த வரியும் ஒரே கோப்பில் கலந்துவிட்டால், பத்து நாள் கழித்து எது யாருடையது என்று உங்களுக்கே தெரியாது. அதனால் அப்படியே எடுத்த வரியை உடனே மேற்கோள் குறிக்குள் வையுங்கள். பக்கத்திலேயே ஆசிரியர், நூல், ஆண்டு, பக்க எண்ணையும் எழுதிவிடுங்கள்.

அடுத்த சிக்கல், சொல் மாற்றம். மூலத்தில் இப்படி இருக்கிறது: “காடுகள் அழிக்கப்படுவதால் மண்ணரிப்பு அதிகரித்து ஆறுகளில் வண்டல் சேர்கிறது.” இதை “வனங்கள் வெட்டப்படுவதால் மண் அரிப்பு கூடி நதிகளில் வண்டல் படிகிறது” என்று எழுதினால் அதுவும் திருட்டுதான். வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது, பாருங்கள். பத்தியைப் படித்து, மூடிவைத்து, புரிந்ததை நினைவிலிருந்து எழுதுங்கள். பிறகு மூலத்தோடு ஒப்பிடுங்கள். வரிசையும் சொற்றொடரும் ஒத்துப்போனால் மறுபடி எழுத வேண்டும். சொந்த நடையில் எழுதினாலும் கருத்து மூலத்தை எழுதியவருடையது. மேற்கோள் குறி வேண்டாம், ஆனால் மூலத்தைக் குறிப்பிட்டே ஆகவேண்டும்.

எழுத்தை மற்ற மூலங்களோடு ஒப்பிடும் டர்னிட்டின் மென்பொருள் காட்டும் சதவீதம் எழுத்து ஒற்றுமையைத்தான் அளக்கிறது. முறையான மேற்கோள்களால் அது கூடலாம். திருடிய ஒரு பத்தி குறைந்த சதவீதத்திலும் ஒளிந்திருக்கலாம். எண்ணை விட்டுவிட்டு, அது நிறமிட்டுக் காட்டும் வரிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

நண்பர் உதவி கேட்டால் விளக்கிச் சொல்லுங்கள், உங்கள் கோப்பைக் கொடுக்காதீர்கள். இருவரின் அசைன்மென்ட்டும் ஒரேபோல் வந்தால் விசாரணை இருவருக்கும்தான். பழைய அசைன்மென்ட்டை வேறு பாடத்துக்குப் பயன்படுத்துவதற்கும், ஏஐ கருவியைத் தொடுவதற்கும் முன் பாட ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வரைவுகளைத் தேதியோடு சேமித்து வையுங்கள். சந்தேகம் எழுந்தால் காட்ட அவைதான் ஆதாரம்.