பிபிஐ இழப்பீட்டு வட்டி: கணக்கு எங்கே தவறுகிறது

பிரிட்டனில் கடனோடு சேர்த்துத் தலையில் கட்டப்பட்ட தவணைப் பாதுகாப்புக் காப்பீடுதான் பிபிஐ. புகார் கொடுப்பதற்கான கெடு 2019 ஆகஸ்ட் 29 அன்றே முடிந்துவிட்டது. ஆனாலும் பழைய இழப்பீட்டுக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "வட்டி இடிக்கிறதே" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பல நேரங்களில் இடிப்பது அவர்கள் போட்ட கணக்குதான்.

கட்டிய பணம் உங்கள் கையில் இல்லாமல் போன காலத்துக்கு ஆண்டுக்கு 8 சதவீத வட்டி சேர்த்துத் தருவார்கள். கட்டிய மொத்தத்தை இந்த 8 சதவீதத்தால் பெருக்கி, அதை ஆண்டுகளாலும் பெருக்கிவிடுவது முதல் தவறு. மாதம் 20 பவுண்டு வீதம் 60 தவணை, ஆக 1,200 பவுண்டு கட்டியிருக்கிறீர்கள். கடைசித் தவணைக்கு 5 ஆண்டு கழித்து இழப்பீடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் 20 பவுண்டு ஏறத்தாழ 10 ஆண்டு உங்கள் கையில் இல்லை. அதற்கு வட்டி 16 பவுண்டு. கடைசி 20 பவுண்டுக்கு 5 ஆண்டுதான். வட்டி 8 பவுண்டு. சராசரி 12 பவுண்டு. 60 தவணைக்கும் சேர்த்து சுமார் 720. மொத்தத்துக்கும் 10 ஆண்டு என்று ஒரே பெருக்கலாகப் போட்டால் 960 வரும். கூட்டுவட்டி போட்டுப் பார்ப்பவருக்கு அசலும் வட்டியுமாக 2,590 பவுண்டு வந்து நிற்கும். ஆனால் இழப்பீட்டில் தருவது தனிவட்டி. ஒவ்வொரு தவணைக்கும் அது கட்டப்பட்ட நாளிலிருந்து தனியாக ஓடுகிறது.

கிரெடிட் கார்டில் கணக்கு வேறு. பிரீமியமும் அதன்மேல் ஏறிய கார்டு வட்டியும் இல்லாமல் இருந்திருந்தால் பாக்கி எப்படி நகர்ந்திருக்கும் என்று மாதவாரியாகத் திரும்ப எழுதுவார்கள். அப்படி எழுதும்போது எந்த மாதங்களில் வங்கிதான் உங்களுக்குத் தர வேண்டியிருந்தது என்று தெரிகிறதோ, அந்தக் காலத்துக்கு மட்டுமே 8 சதவீதம். கார்டில் எப்போதும் கடன் நின்றிருந்தால் கடிதத்தில் 8 சதவீத வட்டிக்கான கட்டம் வெறுமையாக இருக்கலாம். அதைப் பார்த்ததும் ஏமாற்று என்று முடிவு கட்ட வேண்டாம்.

வரியிலும் குழப்பம் உண்டு. திரும்பி வந்த பிரீமியத்துக்கும் அதன்மேல் கட்டிய கடன் வட்டிக்கும் வரி இல்லை. 8 சதவீதப் பகுதிக்கு மட்டுமே உண்டு. மேலே சொன்ன 720 பவுண்டில் 20 சதவீதம், அதாவது 144 பவுண்டு, பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். 2016 ஏப்ரல் முதல் அடிப்படை வரி விகிதத்தில் இருப்பவருக்கு 1,000 பவுண்டு வரையிலான சேமிப்பு வட்டிக்கு வரி இல்லை என்பதால், அந்த 144 பவுண்டை வரித்துறையின் ஆர்40 படிவத்தில் திரும்பக் கேட்க இடம் இருந்தது. வட்டி சேர்ந்த ஆண்டுகளை அல்ல, பணம் கைக்கு வந்த வரியாண்டைத்தான் பார்க்க வேண்டும். அது முடிந்து நான்கு ஆண்டுக்குள் கேட்க வேண்டும். 2019-20இல் பணம் பெற்றவர்களுக்கு அந்தக் கெடு 2024 ஏப்ரல் 5 அன்று போய்விட்டது. சொந்தப் பணத்தை இப்படி விட்டவர்களை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

2014இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிளெவின் வழக்கில், வாடிக்கையாளரிடம் சொல்லாமல் பிரீமியத்திலிருந்து எடுத்த கமிஷன் 71.8 சதவீதம். அதன் பிறகு வகுத்த விதிப்படி வங்கிகள் தந்தது, கமிஷனில் பிரீமியத்தின் 50 சதவீதத்துக்கு மேற்பட்ட பகுதியைத்தான். அந்த வகை இழப்பீட்டில் முழு பிரீமியத்தையும் அடிப்படையாக வைத்துக் கணக்கிடாதீர்கள்.

இதுவரை சொன்னவை கூடுதலாக எதிர்பார்க்கும் தவறுகள். குறைவாக வாங்கிக்கொண்டு போகும் தவறும் இருக்கிறது. என்னை அதிகம் உறுத்துவது அதுதான். பிரீமியம் முழுவதையும் முதல் நாளே கடனில் ஏற்றியிருந்தால், அந்தத் தொகைக்கும் கடன் வட்டி கட்டியிருப்பீர்கள். அதுவும் திரும்ப வர வேண்டும். நடுவில் புதுக் கடன் எடுத்துப் பழையதை அடைத்திருந்தால், அடைத்த தொகைக்குள் பிபிஐ மிச்சம் புகுந்து, புதுக் கடனிலும் வட்டி தின்றிருக்கும். கடிதத்தில் இரண்டாம் கடனுக்கும் ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் அதைத் தேடுங்கள்.