வீட்டு இசைத் தொகுப்புக்கு நாஸ்: வாங்குவது முதல் மீட்டுப் பார்ப்பது வரை

குறுந்தகடுகளையும் பழைய ஒலிநாடாக்களையும் பல மாதங்கள் பொறுமையாகக் கணினிக்கு மாற்றியவர்கள், அந்தக் கோப்புகளை ஒரே ஒரு வன்தட்டில் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். குறுந்தகடு கையில் இருக்கும்வரை அதிலிருந்து மீண்டும் கோப்பு எடுக்கலாம். ஆனால் அப்பா சபாவில் உட்கார்ந்து பதிவு செய்த கச்சேரியின் நாடா இப்போதே இழுபடுகிறது என்றால், கணினியில் இருக்கும் கோப்புதான் இனி மூலப்பிரதி. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டு, நாஸ் (NAS), அதாவது வீட்டு வலையமைப்பில் இணைந்து எல்லாக் கருவிகளுக்கும் கோப்புகளைத் தரும் வன்தட்டுப் பெட்டி ஒன்றை அமைக்கப் பின்வரும் படிகளைச் செய்யுங்கள்.

முதலில் அளவைக் கணக்கிடுங்கள்

குறுந்தகட்டின் ஒலி 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், சுருக்காமல் வைத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி ஆகும். தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவத்தில் ஒரு மணி நேரத் தகடு பெரும்பாலும் 300 முதல் 400 எம்பிக்குள் அடங்கும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்த 90 நிமிட ஒலிநாடாவுக்குச் சுருக்கும் முன் சுமார் 1.5 ஜிபி தேவைப்படும். நாடாவின் இரைச்சல் எளிதில் சுருங்காது என்பதால் அதில் பெரிய மிச்சத்தை எதிர்பார்க்க வேண்டாம். 500 குறுந்தகடுகளும் 300 நாடாக்களும் சேர்ந்தாலும் 1 டிபியைத் தாண்டாது. ஆகவே இசைக்கு மட்டும் என்றால் இரண்டு 4 டிபி வன்தட்டுகள் பல ஆண்டுகளுக்குப் போதும்.

பெட்டியைத் தேர்ந்தெடுத்தல்

சினாலஜி, கியூநேப் போன்ற நிறுவனங்களின் இரண்டு வன்தட்டுகள் கொள்ளும் சிறிய பெட்டியே தொடக்கநிலையினருக்கு ஏற்றது. குறுந்தகட்டுத் தர இசைக்கு விநாடிக்கு 1.5 மெகாபிட்கூடத் தேவையில்லை. ஒரு கிகாபிட் ஈதர்நெட் அதைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு தாங்கும் என்பதால், வேகமான செயலிக்கும் 10 கிகாபிட் இணைப்புக்கும் செலவிடும் பணத்தைக் காப்புப் பிரதிக்கு ஒதுக்குங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது பெட்டியின் கோப்பு முறைமையை, அதாவது தட்டில் கோப்புகளை எழுதி ஒழுங்குபடுத்தும் முறையை. சினாலஜியில் பிடிஆர்எஃப்எஸ், கியூநேப்பின் குட்ஸ் ஹீரோ இயங்குதளத்தில் இசட்எஃப்எஸ் ஆகியவை தரவோடு சரிபார்ப்பு எண்ணையும் எழுதி வைத்து, ஓசையின்றிச் சிதையும் கோப்புகளைக் கண்டுபிடிக்கும். குறிப்பிட்ட நேரத்து நிலையை ஸ்னாப்ஷாட்டாகவும் பாதுகாக்கும். விலை குறைந்த சில மாதிரிகளில் இந்த வசதி இருப்பதில்லை என்பதால் வாங்கும் முன் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

வன்தட்டுகள்

தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத சிஎம்ஆர் முறையில் எழுதும் வன்தட்டையே வாங்குங்கள். எஸ்எம்ஆர் முறையில் தடங்கள் கூரை ஓடுகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படிந்திருக்கும்; ஒன்றைத் திருத்தினால் அடுத்தவற்றையும் திரும்ப எழுத வேண்டும் என்பதால், பழுதான தட்டுக்குப் பதில் புதியதைப் போட்டுத் தரவை மறுபடி கட்டும்போது அது மிகவும் மந்தமாகிவிடும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் சில ரெட் வகைத் தட்டுகள் எஸ்எம்ஆர் என்று தெரியவந்தபோது நாஸ் பயனர்கள் கொதித்தெழுந்ததற்குக் காரணம் இதுவே. ரெட் பிளஸ், சீகேட் அயன்வுல்ஃப் ஆகியவை சிஎம்ஆர். இரண்டு தட்டுகளையும் வெவ்வேறு கடைகளில் வாங்குவது நல்லது. ஒரே தொகுதியில் பிறந்தவை ஒரே சமயத்தில் பழுதாகும் வாய்ப்பு அதனால் குறையும்.

அமைப்பு

இரண்டு தட்டுகளையும் ரெய்டு 1 முறையில் இணையுங்கள். ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் எழுதப்படும். இசைக்கான பகிர்வுக் கோப்புறையை உருவாக்கும்போதே தரவுச் சரிபார்ப்பு வசதியைத் தேர்ந்தெடுங்கள். பாட்டு இசைக்கும் கருவிகளுக்குத் தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, படிக்கும் அனுமதியை மட்டும் கொடுங்கள். ரவுட்டரில் நாஸுக்காக எந்த வாயிலையும் (போர்ட்) இணையத்துக்குத் திறக்காதீர்கள்: 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்னும் பிணைப்பண நிரல், இணையத்துக்கு நேரடியாகத் திறந்திருந்த கியூநேப் பெட்டிகளில் புகுந்து கோப்புகளைப் பூட்டியது.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பேட்டரி தீரப்போகிறது என்று நாஸுக்குச் சொல்ல சாதாரண இன்வெர்ட்டருக்கு வழியில்லை. யூஎஸ்பி வடத்தால் இணையும் சிறிய யூபிஎஸ் ஒன்று இருந்தால், நாஸ் தானே முறையாக அணைந்துகொள்ளும்.

காப்புப் பிரதி

ரெய்டைக் காப்புப் பிரதி என்று நினைப்பதே தொடக்கநிலையினர் செய்யும் மிகப் பெரிய தவறு. சில ஆண்டுகளுக்கு முன், ஒலிநாடாக் கோப்புகளின் ராகப் பெயர்களை ஒரே மூச்சில் திருத்த முயன்று, நூற்றுக்கணக்கான கோப்புகளில் பாடகர், இடம், ஆண்டு ஆகிய விவரங்களை அழித்துவிட்டேன். இரண்டு தட்டுகளும் அந்தத் தவற்றை அந்த நொடியிலேயே உண்மையாக எழுதிக்கொண்டன. அக்கா வீட்டு அலமாரியில் இருந்த, மூன்று வாரம் பழைய வெளிப்புற வன்தட்டுதான் அவற்றைத் திருப்பித் தந்தது. அதில் சிலவற்றை அப்பாவிடம் கேட்டு எழுதியிருந்தேன். இனிக் கேட்க முடியாது.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய 3-2-1 விதி இதற்கு நல்ல வழிகாட்டி: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறிடத்தில். வீட்டளவில் இதை நடைமுறைப்படுத்த இரண்டு வெளிப்புற யூஎஸ்பி வன்தட்டுகளை வாங்கி, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை உறவினர் வீட்டிலும் வைத்து, மாதந்தோறும் மாற்றுங்கள். வீட்டிலுள்ளதைக்கூடப் பிரதி எடுக்கும் நேரத்தில் மட்டும் இணைத்துவிட்டுக் கழற்றிவிடுங்கள். மீண்டும் கிடைக்காத பதிவுகளை மட்டும் குறியாக்கம் செய்து கிளவுடிலும் ஏற்றலாம்; அவற்றின் அளவு பெரும்பாலும் சிறியது.

சினாலஜியில் ஹைப்பர் பேக்கப், கியூநேப்பில் ஹைப்ரிட் பேக்கப் சிங்க் ஆகியவை இந்த வேலையைச் செய்யும். வெறும் ஒத்திசைவு போதாது, அது அழிப்பையும் சேர்த்து நகலெடுக்கும்; பழைய பதிப்புகளைச் சில மாதங்களுக்காவது வைத்திருக்கும்படி அமையுங்கள். ஹைப்பர் பேக்கப் தன் சொந்த வடிவத்தில் சேமிப்பதால், நாஸ் இல்லாமல் அதைத் திறக்க ஹைப்பர் பேக்கப் எக்ஸ்புளோரர் மென்பொருளைக் கணினியில் முன்கூட்டியே நிறுவுங்கள். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, நாஸ் இல்லாத இடத்தில் வையுங்கள்.

மீட்டுப் பாருங்கள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காப்பிலிருந்து பத்துப் பதிவுகளை வேறொரு கோப்புறைக்கு மீட்டெடுங்கள். ஃப்ளாக் கோப்பின் தொடக்கத்தில் மூல ஒலியின் எம்டி5 சரிபார்ப்பு எண் பொதுவாகப் பதிந்திருக்கும். ஃப்ளாக் கருவியின் சோதனைக் கட்டளை கோப்பை முழுவதும் விரித்து அந்த எண்ணோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடும். பிறகு ஒன்றையாவது காதால் கேளுங்கள், பாடகர் பெயரும் ஆண்டும் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள், சோதித்த தேதியை வன்தட்டின் மேல் ஒட்டிய சீட்டில் எழுதுங்கள்.