கிரான்பெரிப் போத்தலும் சலக்கடுப்பும்: நாம் விடும் தவறுகள்

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சாள், சொக்லேட் பெட்டிகளோடு ஒரு போத்தல் கிரான்பெரி என்ற புளிப்புப் பழக் குளிசைகளையும் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். “சலக்கடுப்பு வந்தால் இதைப் போடுங்கள் மச்சாள், அங்கே எல்லோரும் இதைத்தான் எடுக்கிறார்கள்” என்றாள். அன்பாகத் தந்த பொருள். அலுமாரியில் பத்திரமாக வைத்தேன்.

சில மாதங்கள் கழித்துச் சிறுநீர் எரிந்தபோது அந்தப் போத்தல்தான் முதலில் நினைவுக்கு வந்தது. மூன்று நாள் விழுங்கினேன். நான்காம் நாள் காலை, படுவான்கரையில் உள்ள பாடசாலைக்குப் போகும் பஸ் மண்முனைப் பாலத்தில் ஏறியபோது, சித்திரை வெயிலிலும் எனக்குக் குளிரில் உடல் உதறியது. மதியத்துக்குள் வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி, வாந்தி. சிறுநீர்ப்பையில் தொடங்கிய தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்றார் வைத்தியர். ஐந்து நாள் வைத்தியசாலை விடுதியில் படுத்திருந்தேன்.

அந்த ஐந்து நாளில் எனக்கு ஒன்று விளங்கியது. அந்தக் குளிசையை நான் நம்பியதைவிட, அது தந்த ஒளிவிடத்தை நம்பினேன். அதை விழுங்கினால் யாரிடமும் ‘எரிகிறது’ என்று சொல்ல வேண்டியதில்லை. கிரான்பெரியைப் பற்றி நம் பெண்கள் விடும் தவறுகளில் பல இந்த வெட்கத்திலிருந்து முளைக்கின்றன என்றே நினைக்கிறேன்.

முதல் தவறு, வந்துவிட்ட தொற்றுக்கு அதை மருந்தாக எடுப்பது. சிறுநீர்த் தொற்றைப் பெரும்பாலும் உண்டாக்குவது ஈ.கோலி என்ற பக்றீரியா. அது நம் குடலில் வாழ்கிறது. பெண்களின் சிறுநீர்க்குழாய் ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் நீளமே என்பதால் வெளியிலிருந்து சிறுநீர்ப்பைக்கு அது ஏறுவது எளிது. ஏறிய கிருமி தன் மேலுள்ள மெல்லிய இழைகளால் பையின் சுவரைப் பற்றிக்கொள்கிறது. கிரான்பெரியில் உள்ள ஒருவகைப் புரோஅந்தோசயனிடின் என்ற தாவரப் பொருள் இந்தப் பற்றுதலைத் தடுக்க உதவுகிறது; பற்ற முடியாத கிருமி சிறுநீரோடு அடித்துச் செல்லப்படுகிறது. வயலுக்கு வேலி போடுவது போன்ற வேலை இது. மாடு உள்ளே புகுந்து பயிரை மேயத் தொடங்கிய பின் வேலியைப் பலப்படுத்தி என்ன பயன்? சுவரைப் பற்றிப் பெருகிவிட்ட தொற்றைக் கிரான்பெரி ஆற்றும் என்பதற்கு நல்ல சான்று இல்லை.

புளிப்பான பழம், ஆகவே சிறுநீரை அமிலமாக்கிக் கிருமியைக் கொல்கிறது என்பது பழைய விளக்கம். இன்றும் பலர் அதைச் சொல்கிறார்கள். அதை நம்பித் தேசிக்காய்த் தண்ணீரும் நெல்லிச் சாறும் அதே வேலையைச் செய்யும் என்று குடிக்கிறார்கள். தமிழில் கிரான்பெரிக்குக் குருதிநெல்லி என்று பெயர் வைத்ததும் இந்தக் குழப்பத்துக்கு உதவிவிட்டது. நம் நெல்லிக்கும் அதற்கும் உறவே இல்லை. வட அமெரிக்காவின் சதுப்பு நிலங்களில் படரும் செடி அது. ஹோட்டன் சமவெளியில் சிவப்பாகப் பூக்கும் ரொடடென்ட்ரன் மரம்தான் அதற்குத் தாவரக் குடும்பத்தால் சொந்தம். தேசிக்காய்த் தண்ணீர் தாகத்துக்கு நல்லது. தொற்றுக்கு அது காவல் இல்லை.

அப்படியானால் கிரான்பெரியால் பயனே இல்லையா? இருக்கிறது, சிலருக்கு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு, 50 ஆய்வுகளை, ஏறக்குறைய 9,000 பேரின் தகவல்களோடு 2023இல் மீண்டும் ஆராய்ந்தது. அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு அது மீண்டும் வரும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. சிறுவர்களிலும் பயன் தெரிந்தது. ஆனால் கர்ப்பிணிகள், பராமரிப்பு இல்லங்களில் வாழும் முதியோர், சிறுநீர்ப்பை முழுதாக வெறுமையாகாதவர்கள் ஆகியோரிடம் பயன் தென்படவில்லை. ஆறு மாதத்தில் இரண்டு முறை, அல்லது ஓர் ஆண்டில் மூன்று முறை வந்தால் அதை ‘அடிக்கடி’ என்கிறார்கள். அப்படிப்பட்டவர் வைத்தியரிடம் கேட்டுவிட்டு நாளாந்தம் எடுக்கலாம். எப்போதோ ஒரு முறை வந்தவருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

கடையில் சிவப்பாக இருக்கும் பானமெல்லாம் கிரான்பெரிச் சாறு என்று எண்ணுவதும் தவறு. பலவற்றில் தண்ணீரும் சீனியும்தான் கூடுதல். 240 மில்லிலீற்றர் குவளையொன்றில் 25 முதல் 30 கிராம் வரை சீனி இருக்கலாம். நீரிழிவு உள்ள ஒருவர் தினமும் அதைக் குடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இரத்தத்தில் சீனி கட்டுக்குள் இல்லாதபோது சிறுநீர்த் தொற்றும் எளிதில் வருகிறது. இதய நோய்க்காக வார்ஃபரின் என்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை எடுப்பவர்கள், சிறுநீரகக் கல் வந்தவர்கள் வைத்தியரைக் கேட்காமல் கிரான்பெரியைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது, சிறுநீர் வழியையும் யோனியையும் ஒன்றாக எண்ணுவது. அரிப்போடு தயிர்க்கட்டி போல வெள்ளை பட்டால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மீன் நாற்றத்தோடு சாம்பல் நிறத்தில் பட்டால் அது யோனியின் நுண்ணுயிர்ச் சமநிலை குலைந்ததன் அறிகுறியாகலாம். இரண்டிலும் சிறுநீர் கழிக்கும்போது எரியலாம். அதனால் சலக்கடுப்பு என்றே எடுத்துக்கொள்கிறோம். இவற்றுக்குக் கிரான்பெரி எதுவும் செய்யாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருந்து உண்டு, பாமசியில் ஊகித்து வாங்கினால் மாறிப்போகும்.

இங்கேதான் கழுவும் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். நாற்றம் என்றதும் சவர்க்காரம், டெட்டோல், வேப்பிலைத் தண்ணீர், வாசனைத் திரவம் என்று உள்ளே வரை கழுவுகிறோம். யோனி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் உறுப்பு. அங்கே வாழும் நல்ல பக்றீரியாக்கள் லக்ரிக் அமிலத்தைச் சுரந்து, அதன் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 3.8க்கும் 4.5க்கும் இடையில் வைத்துக் காக்கின்றன. கழுவக் கழுவ அந்தக் காவல் போய்விடும், நாற்றம் கூடும், இன்னும் கழுவுவோம். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவி, ஈரம் ஒற்றிவிட்டால் போதும். மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவப் பெண் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே சொல்லிக்கொடுங்கள்.

எனக்கு மிகவும் மனம் நோவது தண்ணீரைப் பற்றி நினைக்கும்போதுதான். எங்கள் ஆசிரியைகளில் பலர் காலையில் ஒரு தேநீரோடு புறப்பட்டு, வீடு திரும்பும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் போக வேண்டும். போக நல்ல இடமில்லை. மருதமுனையில் தறியில் இருக்கும் பெண்ணுக்கும், கல்முனைக் கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கும், வயலில் களை பிடுங்கும் பெண்ணுக்கும் இதே கதை. 2018இல் வெளியான ஓர் ஆய்வு, பல்கேரியாவில் அடிக்கடி தொற்று வந்த, தண்ணீர் குறைவாகக் குடித்த 140 பெண்களை ஓராண்டு கவனித்தது. பாதிப் பேர் வழக்கத்தைவிட நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றர் கூடுதலாகக் குடித்தார்கள். அவர்களுக்கு அந்த ஆண்டில் தொற்று வந்தது சராசரியாக 1.7 முறை, மற்றவர்களுக்கு 3.2 முறை. ஒரு சதம் செலவில்லாத தண்ணீர் செய்த வேலை இது. அதைக் குடிக்கப் பெண்களுக்குக் கதவும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை வேண்டும். பாடசாலை அபிவிருத்திக் கூட்டங்களில் இதை எழுந்து நின்று கேளுங்கள். நான் இப்போது கேட்கிறேன்.

கடந்த முறை மிஞ்சிய அன்ரிபயோட்டிக் குளிசை இரண்டை விழுங்கிவிட்டு எரிவு அடங்கியதும் மறந்துவிடுவது இன்னொரு தவறு. அரைகுறையாக எடுத்தால் தொற்று முழுதாகத் தீராது, மருந்துக்கு அடங்காத கிருமிகளும் வளரும். பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுப்பதென்றால் மருந்து தொடங்குமுன் கொடுக்க வேண்டும். முதலில் வருவதை விட்டு, இடையில் வருவதைச் சுத்தமான போத்தலில் பிடிக்க வேண்டும்.

ஐம்பதைக் கடந்த அம்மாமாருக்கும் பெரியம்மாமாருக்கும் தொற்று திரும்பத் திரும்ப வந்தால், மாதவிடாய் நின்றபின் ஈஸ்திரோஜன் என்ற பெண் ஹோர்மோன் குறைவது ஒரு காரணமாக இருக்கலாம். அதற்கு யோனியில் பூசும் ஈஸ்திரோஜன் களிம்பு உண்டு. வயது போனால் அப்படித்தான் என்று அவர்களைப் பொறுத்துக்கொள்ள விடாதீர்கள்.

கர்ப்பிணிகள் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. எரிவே இல்லாமலும் அவர்களுடைய சிறுநீரில் கிருமி இருக்கலாம்; கவனிக்காவிட்டால் சிறுநீரகத்துக்கு ஏறலாம், குறைமாதப் பிரசவத்துக்கும் வழிவகுக்கலாம். கிளினிக்கில் சிறுநீர் கேட்பது வெறும் சடங்கென்று எண்ணித் தவறவிடாதீர்கள். காய்ச்சல், நடுக்கம், இடுப்புக்கு மேலே முதுகில் வலி, வாந்தி, சிறுநீரில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், கர்ப்பிணியோ இல்லையோ, அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

வாய் திறப்பதுதான் கடினம், தெரியும். அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் ‘சலக்கடுப்பு, இரண்டு நாளாக’ என்ற மூன்று சொல் போதும். மற்றதை அவர்கள் கேட்பார்கள். ஆண் வைத்தியர் என்றால், பரிசோதிக்கும்போது தாதி ஒருவர் கூட நிற்க வேண்டும் என்று கேட்கலாம். அதுவும் முடியவில்லையா, உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அவர் வீட்டுக்கே வருகிறவர். படலையடியில் நின்று மெதுவாகச் சொன்னாலும் அவருக்குப் புரியும்.