கெர்னலின் நினைவகக் காவலை இழுத்துப் பார்ப்பது எப்படி

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் கான்ஃபிக் கோப்பில் ‘ஸ்ட்ரிக்ட் கெர்னல் ஆர்டபிள்யூஎக்ஸ்’ (கெர்னலின் நிரல் பகுதியில் எழுதுவதையும் தரவுப் பகுதியை இயக்குவதையும் தடுக்கும் அமைப்பு) இயக்கப்பட்டிருப்பதைப் பார்த்துவிட்டு நினைவகம் பாதுகாப்பாக உள்ளது என்று நம்புவது, தொங்கும் பூட்டைத் தெருவிலிருந்தே பார்த்துத் திருப்தியடைவதைப் போன்றது. அந்தப் பூட்டை இழுத்துப் பார்க்க, கெர்னலை வேண்டுமென்றே தவறு செய்ய வைக்கும் எல்கேடிடிஎம் என்ற மாட்யூல் கெர்னலுடனேயே வருகிறது.

சோதனையை மெய்நிகர் இயந்திரத்தில் மட்டுமே நடத்த வேண்டும். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு மாடியறையில் நாங்கள் நடத்தும் சனிக்கிழமை வகுப்பில், மாணவர் ஒருவர் தம் மடிக்கணினியிலேயே முயன்றார். அதில் ‘பேனிக் ஆன் ஊப்ஸ்’ (ஊப்ஸ் எனப்படும் கெர்னல் பிழை வந்தாலே கணினியை நிறுத்திவிடும் அமைப்பு) மதிப்பு 1 ஆக இருந்ததால் கணினி அப்படியே நின்றுவிட, சேமிக்காமல் விட்டிருந்த ப்ராஜெக்ட் அறிக்கையும் போயிற்று.

ரூட் பயனராக மாட்யூலை ஏற்றியதும், கெர்னலைப் பிழைதிருத்த உதவும் கோப்பமைப்பான டீபக்எஃப்எஸ்ஸுக்குள் ‘ப்ரோவோக்-கிராஷ்’ கோப்புறையில் ‘டைரக்ட்’ என்ற கோப்பு தோன்றும். அதைப் படித்தால் சோதனைகளின் பட்டியல் கிடைக்கும். ஒரு பெயரை அதில் எழுதினால் அந்தச் சோதனை ஓடும். ஆனால் கட்டளைகளை ஏற்கும் ஷெல்லின் எக்கோவைக் கொண்டு நேரடியாக எழுதினால் கெர்னல் அந்த ஷெல்லையே கொன்றுவிடும் என்பதால், எக்கோவின் வெளியீட்டைக் கேட் நிரலுக்குப் பைப் செய்து, கேட்டைக் கொண்டு எழுத வையுங்கள். சாவது கேட் மட்டுமே.

முதலில் ‘எக்ஸெக் டேட்டா’. இது முறையான இடத்தில் ஒரு செயற்கூறை ஓட்டிக் காட்டிவிட்டு, பிறகே அதைத் தரவுப் பகுதியில் ஓட்ட முயலும். எக்ஸ்86 இயந்திரத்தில், என்எக்ஸ் (இயக்கத் தடை) காவலுள்ள நினைவகப் பக்கத்தை இயக்க முயன்றதாகக் கெர்னல் பதிவில் வரி வந்து, பிழைக் குறியீடு 0011 என்று இருந்தால் காவல் வேலை செய்கிறது. அடுத்து, படிக்க மட்டுமேயான பகுதியில் எழுத முயலும் ‘ரைட் ஆர்ஓ’. இதற்குக் குறியீடு 0003. இங்கே ஊப்ஸ் வருவதே வெற்றி, ஓசையில்லாமல் முடிவது தோல்வி என்பதைப் புதியவர்கள் அடிக்கடி மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள்.

பயனர் நிரல்களின் நினைவகத்தைக் கெர்னல் நேரடியாகத் தொட முயலும் ‘ஆக்சஸ் யூசர்ஸ்பேஸ்’ தோற்றால் உடனே கெர்னலைக் குறை சொல்ல வேண்டாம். அதைத் தடுப்பது செயலியின் எஸ்மேப் வசதி. மெய்நிகர் இயந்திரத்தை ஓட்டும் கியூஎமு மென்பொருளின் இயல்பான செயலி மாதிரியில் அது இருப்பதில்லை. சிபியு மாதிரியை ‘மேக்ஸ்’ என்று மாற்றி, செயலியின் வசதிகளைக் காட்டும் சிபியுஇன்ஃபோ கோப்பில் எஸ்மேப் கொடி தெரிகிறதா என்று பார்த்த பின்பே மீண்டும் ஓட்டுங்கள்.

ஒவ்வொரு ஊப்ஸுக்குப் பிறகும் இயந்திரத்தை மறுதொடக்கம் செய்வது அவசியம். அடிபட்ட கெர்னலில் கிடைக்கும் அடுத்த முடிவை நம்ப முடியாது.

பலர் விட்டுவிடும் படி ஒன்று உண்டு. கெர்னல் தொடங்கும்போது படிக்கும் பூட் வரியில் ‘ரோடேட்டா=ஆஃப்’ என்று சேர்த்துக் காவலை வேண்டுமென்றே நீக்கி, ‘ரைட் ஆர்ஓ’வை மறுபடி ஓட்டுங்கள். இப்போது எழுதுவது தடையின்றி நடந்து, பதிவில் ‘ஃபெயில்’ என்ற வரி வர வேண்டும். அது வராவிட்டால், முன்பு கிடைத்த வெற்றிகளையும் அடித்துவிட்டு, சோதனைச் சூழலை முதலிலிருந்து அமைக்க வேண்டியதுதான்.