புத்தகம் பார்த்து ஜூடோ பழகுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடிதான் முதல் களம். பழைய ஜூடோ புத்தகம் ஒன்றைத் திறந்து, காற்றில் பக்கம் புரளாமல் செங்கல்லை வைத்துவிட்டு, நானும் சித்தப்பா மகனும் ஆரம்பித்தோம். உகேமி, அதாவது விழும் பயிற்சி, முதல் அத்தியாயத்திலேயே இருந்தது. விழுவதற்கு எதற்குப் பாடம் என்று தாண்டிப் போனோம். நான் தள்ளியதும் அவன் பின்பக்கமாகக் கையை ஊன்றினான். “அண்ணா, கை போச்சுண்ணா” என்றான். மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்தக் குற்ற உணர்வு இன்னும் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உகேமியைத் தாண்டாதீர்கள். தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், கண் உங்கள் இடுப்புப் பட்டையின் முடிச்சைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் பின்மண்டை தரையில் மோதாது. கை ஊன்றக் கூடாது. உடம்பிலிருந்து சற்றே விலக்கி, உள்ளங்கை முதல் முழங்கை வரை ஒரே நேரத்தில் தரையில் அறைய வேண்டும். முதலில் படுத்தபடி, பிறகு குந்தி, அப்புறம் நின்று. எளிதாகத் தெரிகிறதே என்று பலரும் முதலில் எடுக்கும் ஓசோதோ காரி, காலை வாரி ஆளை நேராகப் பின்னால் சாய்க்கும் வீச்சு. ஜப்பானிலேயே புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏற்பட்ட கடுமையான தலைக்காயங்களில் இதன் பங்கு அதிகம்.

அடுத்த தவறு, படத்தில் இருக்கும் நிலையை அப்படியே போட்டுக் காட்டுவது. 1882-ல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ ஒரு வீச்சை மூன்று கட்டமாகப் பிரித்தார்: குஸுஷி, எதிராளியின் சமநிலையைக் குலைப்பது, த்ஸுகுரி, நம் உடம்பைப் பொருத்துவது, ககே, வீசுவது. படத்தில் பளிச்சென்று தெரிவது கடைசி இரண்டும்தான். குஸுஷி இரண்டு படங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது.

எனக்கு அது புரிந்தது ஏற்காடு பஸ்ஸில் நின்றபடி போனபோது. கொண்டை ஊசி வளைவில் பஸ் இடப்பக்கம் திரும்பும்போது, முன்னால் பார்த்து நிற்பவரின் எடை முழுக்க வலது காலில் இறங்கும். அந்த நொடியில் அவரால் அந்தக் காலைத் தூக்கவே முடியாது. ஓசோதோ காரியில் வாரவேண்டிய கால் அதுதான். பஸ் செய்ததை நம் இரண்டு கைகளும் செய்ய வேண்டும். எடை இறங்காத காலை வாரினால் அவர் சும்மா ஓர் அடி பின்வைத்துத் தப்பித்துவிடுவார். நாம்தான் ஒற்றைக்காலில் நிற்போம்.

புத்தகத்தின் வயதையும் பாருங்கள். எதிராளியின் காலைக் கையால் பிடித்து வீழ்த்துவது பழைய புத்தகங்களில் தாராளமாக இருக்கும். சர்வதேச ஜூடோ கூட்டமைப்பு அதை 2010-ல் கட்டுப்படுத்தி, 2013-ல் முழுவதும் தடுத்தது. கானி பசாமி என்ற கத்தரிக்கோல் வீச்சைத் தொடவே தொடாதீர்கள். 1980-ல் ஜப்பானிய ஜூடோ மாவீரர் யமாஷிதாவின் கால் அதில்தான் முறிந்தது. இப்போது போட்டிகளில் அதற்கும் தடை. கழுத்தை நெரிக்கும் பிடிகளும் கைமூட்டுப் பூட்டுகளும் ஆசிரியர் இல்லாமல் வேண்டவே வேண்டாம்.

வீட்டுப் பஞ்சு மெத்தையையும் நம்பாதீர்கள். பாதம் புதைந்து நிற்கும், உடம்பு மட்டும் திரும்பும், முழங்கால் முறுக்கிக்கொள்ளும். சரியான விரிப்பு கிடைக்கும்வரை யாரையும் வீச வேண்டாம். பழைய சைக்கிள் ட்யூபைத் தூணில் கட்டி, இழுத்தபடி உள்ளே திரும்பி நுழையும் பயிற்சியை மட்டும் செய்யுங்கள். திரும்பும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். உங்கள் இடுப்பு எதிராளியின் இடுப்புக்குக் கீழே போக வேண்டும்.

சரி, அப்படியென்றால் புத்தகம் எதற்கு? வகுப்பில் ஆசிரியர் ஒரு வீச்சைக் காட்டிய அன்றே வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைத் திறங்கள். எதிராளியை முதுகில் ஏற்றி வீசும் செயோய் நாகே படத்தையே பத்து முறை பார்த்திருந்தும், சட்டைக் கையை இழுக்கும் இடது கையை நான் கவனித்ததில்லை. பயிற்சிக்குப் பிறகு பார்த்தபோதுதான் தெரிந்தது: கைக்கடிகாரத்தில் மணி பார்ப்பதுபோல் மணிக்கட்டு திரும்பி, சுண்டுவிரல் மேலே நின்றது.