கால் ஆணி: பிளேட்டை வைத்துவிட்டுச் சப்பாத்தைப் பாருங்கள்

புறக்கோட்டைக் கடைகளில் நாள் முழுவதும் நின்று வேலை செய்கிறவர்களுக்குக் கால் ஆணியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. எனக்கு வலது காலின் சின்ன விரல் மேல் இருந்தது. இப்போது மாறிவிட்டது, திரும்ப வரவும் இல்லை. வீட்டிலேயே எப்படி மாற்றினேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்று. சீனி வருத்தம் உள்ளவர்கள், பாதம் மரத்துப்போகிறவர்கள், காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்கள் இதில் எதையும் தாமாகச் செய்ய வேண்டாம். அவர்களுக்குச் சிறு கீறலும் ஆறாத புண்ணாகலாம். அடுத்த கிளினிக்கில் மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள்.

அது ஆணிதானா?

நேராக அழுத்தினால் வலிப்பது ஆணி. இரு பக்கமும் பிடித்து நசுக்கினால் அதிகம் வலிப்பது பெரும்பாலும் மரு. மருவில் சிறு கறுப்புப் புள்ளிகள் தெரியலாம். தோல் ரேகைகள் அதன் ஓரத்தில் விலகிப் போகும். மரு வைரஸால் வருவது. அதைக் கல்லால் தேய்த்தால் பரவும்.

சப்பாத்தைக் கண்டுபிடியுங்கள்

எல்லோரும் மருந்திலிருந்து தொடங்குகிறார்கள். நான் இங்கிருந்துதான் தொடங்கச் சொல்வேன். ஆணிக்கு வேர் என்று எதுவும் இல்லை. ஒரே இடத்தில் தொடர்ந்து அழுத்தமும் உராய்வும் விழும்போது, தன்னைக் காத்துக்கொள்ளத் தோல் தடிக்கிறது; நடுவில் இறுகிய இறந்த தோல்தான் உள்ளே குத்துகிறது. அழுத்தம் நிற்காதவரை எதைப் பூசினாலும் திரும்ப வரும்.

மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு கடதாசியில் ஏறி முழுப் பாரத்தையும் போட்டு நில்லுங்கள். நீங்களே குனிந்து வரைந்தால் பாரம் மாறிவிடும். வீட்டில் வேறொருவர் பென்சிலை நிமிர்த்திப் பிடித்துக் காலைச் சுற்றி வரையட்டும். பிறகு நீங்கள் தினமும் போடும் சப்பாத்தை அந்தப் படத்தின் மேல் வையுங்கள். சப்பாத்துக்கு வெளியே கோடு எந்த இடத்தில் எட்டிப் பார்க்கிறதோ, அங்கேதான் விரல் நசுங்குகிறது. என் சப்பாத்தில் சின்ன விரல் முழுவதும் வெளியே நின்றது!

கோடு சரியாக இருந்தால் சப்பாத்துக்குள் கையை விட்டுத் தடவுங்கள். தையல் முடிச்சோ மடிப்போ ஆணி இருக்கும் இடத்தில் படும். தோல் சப்பாத்து என்றால், தைப்பவரிடம் கொடுத்து அந்த இடத்தை மட்டும் அச்சில் இழுத்துத் தளர்த்தலாம். செயற்கைத் தோல் பெரிதாக இளகாது, அதற்குச் செலவழிக்காதீர்கள். புதிதாக வாங்கினால் மாலையில் போய், நின்று பார்த்து, நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் விட்டு வாங்குங்கள்.

ஊறவைத்துத் தேய்த்தல்

வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் பத்து நிமிடம் காலை வையுங்கள். ஈரத்தோடு பாதம் தேய்க்கும் கல்லால் மெதுவாகத் தேயுங்கள். இளஞ்சிவப்பு நிறம் தெரியுமுன் நிறுத்துங்கள். துடைத்து, யூரியா கிறீம் பூசுங்கள். பிளேட், நகவெட்டி எதுவும் வேண்டாம். ஆழமாக வெட்டிச் சீழ் பிடித்த கால்களைப் பார்த்திருக்கிறேன்.

மருந்து

பாமசியில் கிடைக்கும் ஆணி மருந்துகளில் பெரும்பாலும் இருப்பது சலிசிலிக் அமிலம். அது இறந்த தோலைப் பிரித்தெடுக்கும். ஆனால் ஆணி எது, நல்ல தோல் எது என்று அதற்குத் தெரியாது. கொழும்பு வெக்கையில் அமிலப் பிளாஸ்டர் வியர்வையில் வழுகி நல்ல தோலில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் எனக்குத் திரவ மருந்தே பிடிக்கும். ஆணியைச் சுற்றிப் பெற்றோலியம் ஜெலியை ஒரு வளையமாகப் பூசி, நடுவில் மட்டும் ஒரு துளி வைத்துக் காயவிடுங்கள். எரிந்தால் கழுவிவிடுங்கள். பெட்டியில் எழுதியுள்ள நாட்களுக்கு மேல் தொடர வேண்டாம்.

பகலில் நடுவில் துளையுள்ள மெத்தை வளையத்தை ஒட்டுங்கள். துளை ஆணியை விடப் பெரிதாக இருக்க வேண்டும். மருந்துள்ள பிளாஸ்டரும் வெறும் மெத்தையும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். பெட்டியை வாசித்து வாங்குங்கள்.

ஆடிவேல் ஊர்வலத்தில் வெறுங்காலுடன் நடக்க இருப்பவர்கள் முந்தைய கிழமையே மருந்தை நிறுத்துங்கள். அமிலம் பட்ட தோல் காலி வீதியின் சூட்டைத் தாங்காது.

பிற்சேர்க்கை

விரல்களுக்கு இடையில் வெள்ளையாக, மென்மையாக வந்திருப்பதற்கும் இதே மருந்தா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. வியர்வை ஈரத்தில் ஊறிய ஆணி அது. பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் விரல்களுக்கு இடையில் வரும். அங்கே அமிலம் வைத்தால் பக்கத்து விரலும் வெந்துவிடும். நன்றாக ஈரம் துடைத்து, சிறிது பஞ்சை இடையில் வைத்து, முன்புறம் அகலமான செருப்புக்கு மாறுங்கள். வலியை விட அரிப்பு அதிகமாக இருந்து தோல் உரிந்தால் அது சேற்றுப்புண்ணாக இருக்கலாம்; அதற்குப் பூஞ்சைக்கான மருந்து வேண்டும். சிவந்து வீங்கினாலோ சீழ் வந்தாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.